ஒன்பது நொடி

ஆறு மணி நேரம், ஒரு மணிக்காக.
இரண்டு வாளி, ஒரு மெல்லிய குழாய்.
மேலே நல்ல தண்ணீர்,
கீழே போகப் போக உப்பு,
நடுவில் எங்கும் கோடு கிடையாது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால்
வெறும் தண்ணீர்.
விரலை விட்டால் கெட்டது.
தும்மினால்கூட தெவஷ்ணி முறைப்பாள்.

டர்பனில் ஜூலை. மேட்டுக் கல்லூரியின் நிலவறை.
ஹீட்டர் கூடாது,
சூடு பட்ட பக்கம் நீர் நகர்ந்துவிடும்.
கோட்டுக்குள் கையை ஒளித்து உட்கார்ந்திருக்கிறேன்.
சாட்ஸ்வர்த்துக்குக் கடைசி பஸ் போயாயிற்று.
முந்தாநாள் கதவை அறைந்து வீட்டை விட்டுப் போன தம்பி
இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான்.
நான் எடுக்கவில்லை.

எல்லாம் உம்கேனியில் ஆரம்பித்தது.
செம்மண் ஆறு கடல்மேல் ஏறிப் படுத்திருந்த வெள்ள வாரத்தில்
தெவஷ்ணி படகிலிருந்து விட்ட மெழுகு உருண்டை
பாதியில் தயங்கியதாம்,
கையிலிருந்த நூல் தளர்ந்ததாம்.
மூழ்குவது எதற்காகத் தயங்க வேண்டும்?

எதுவும் தனியாக மூழ்குவதில்லை.
மேல்தண்ணீரில் கொஞ்சத்தை
முதுகில் ஒட்டிக்கொண்டே இறங்குகிறது.
அந்த லேசான நீர், தனக்குச் சேராத ஆழத்தில்,
மேலே பார்த்து இழுக்கிறது.
அங்கேதான் வேகம் குறையும்.
சில மணிகள் நிற்கும்.
மார்ச்சில் ஒன்று
ஒரு விரற்கடை மேலே ஏறியே விட்டது.
அந்தப் படத்தை நாங்கள் பதினேழு தடவை பார்த்தோம்.
பிறகு ஒட்டியிருந்த நீர் பிய்ந்து
நூலாய் மேலேறித் தன் இடம் தேடும்.
தேடி, தாண்டி, திரும்பி வந்து, மறுபடி தாண்டி.

ஒன்று பன்னிரண்டுக்கு லேசரைப் போட்டேன்.
நாற்பத்தியோராம் மணி, மிளகளவு.
இடுக்கியைத் திறந்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று,
மின்சாரம் போனது.

லோட்ஷெட்டிங். அட்டவணைப்படி நாளைக்கு.
நகராட்சி அட்டவணையை அச்சடிக்கும், படிக்காது.

இருட்டில், கொஞ்ச நேரம் கழித்து,
அடிக்கண்ணாடியில்
டிக்.

அவ்வளவுதான் கிடைத்தது.

காவலாளி ம்பாத்தா டார்ச்சோடு படியிறங்கி வந்தார்,
ஒற்றைப் பல்பு, பழைய டார்ச்.
வெளிச்சம் தொட்டியைத் துளைத்து
எதிர்ச்சுவரில் விழுந்தது.

"ஹவு," என்றார்.

லேசர் ஒரு தாள் கனத்துக்குத்தான் காட்டும்.
சுவரிலோ முழுத் தொட்டி.
வெளிச்சமும் நிழலும் வரிவரியாய்ப் படுத்து,
மணி போன வழி ஒரு தழும்பாக நடுவில்,
அதன் இரு பக்கமும் வரிகள் எழுந்து, சாய்ந்து,
கண்ணாடியில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தன.
அவர் கை நடுங்க, சுவரே நடுங்கியது.
டார்ச்சை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

"உள்ளே என்ன போட்டே?"
"ஒரு மணி."
"எங்கே அது?"
"அடியில். எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று."
"அப்போ இது ஏன் இன்னும்?"

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.
நானும்.
இருபது நிமிடமாயிற்று. வரிகள் மெலிந்தன, நிற்கவில்லை.
எங்கள் வீட்டில் அந்தக் கதவின் தாழ்ப்பாள்
காற்றில்லாமலே கிளிக் கிளிக் என்கிறது, இரண்டு நாளாக.
வெளியே போய்த் தம்பியைக் கூப்பிட்டேன்.
அடித்து அடித்து நின்றது.

பதிவேட்டில் எழுதினேன்:
மணி 41. தரவு இல்லை.
சுவரைப் பற்றி எழுத அதில் கட்டம் இல்லை.

பிறகு அடைப்பைத் திறந்துவிட்டேன்.
அடியிலிருக்கும் உப்புதான் முதலில் போகும்,
மேல்தண்ணீர் காத்திருக்கும்.
ம்பாத்தா குனிந்து, வடியும் நீரில் விரல் நனைத்து,
நாக்கில் வைத்து,
முகம் சுளித்தார்.